நெல்லே போடாம நெல்லுக்கு மானியம்: ஒரு டெக்சாஸ் கதை

இன்னைக்கு எபிசோடு அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்துல இருக்கிற வார்ட்டன் கவுன்ட்டியில ஆரம்பிக்குது. கவுன்ட்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, நெல் விளையுற பூமி. அங்க எல் காம்போ ஊர்ப் பக்கம் பழைய நெல் வயல்கள்ல வீடு கட்டிக் குடிவந்தவங்களுக்கும் அரசாங்கத்துக்கிட்ட இருந்து நெல் மானியம் போயிருக்கு. அவங்க ஒரு நாத்துகூட நட்டதில்லை!

இதை 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியில கொண்டுவந்தது. விவசாயமே பண்ணாதவங்களுக்கு 2000-லிருந்து குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்குன்னு அவங்க கணக்கு சொன்னது.

உடனே "ஊழல்!"னு தோணும். ஆனா இது சட்டப்படி நடந்தது. அதுதான் சுவாரஸ்யம்.

அமெரிக்காவில் பயிர் மானியம் 1933-ல், ரூஸ்வெல்ட் காலத்துல ஆரம்பிச்சது. பல வருஷம் பயிருக்கும் பணத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. மானியம் வருதுன்னா எல்லாரும் அதே பயிரைப் போடுவாங்க, விலை விழும். அதனால 1996-ல் அந்தத் தொடர்பை வெட்டினாங்க. இந்த வருஷம் என்ன நட்டீங்கங்கிறது முக்கியமில்லை. முன்னாடி இந்த நிலத்துல என்ன நட்டாங்கங்கிற பதிவுதான் முக்கியம். அந்தப் பதிவுக்குப் பேரு 'பேஸ் ஏக்கர்'. நம்ம பாஷையில சொன்னா, லெகசி டேட்டா.

இப்போ இருக்கிற ஒரு திட்டத்தோட கணக்கைப் பார்ப்போம். 2018 சட்டத்துல 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ நெல்லுக்கு ஆதார விலை 14 டாலரா இருந்தது. சந்தை விலை 12 டாலர்னு வைங்க. வித்தியாசம் 2 டாலர். ஏக்கருக்குப் பதிவான விளைச்சல் இதே அளவுல 50 பங்கு, நெல் பேஸ் 100 ஏக்கர்னா, அதுல 85 சதவீதத்துக்குத்தான் பணம். 2 × 50 × 85. மொத்தம் 8,500 டாலர்.

கவனிச்சீங்களா? இந்த ஃபார்முலாவுல "இந்த வருஷம் நெல் போட்டீங்களா?"ங்கிற கேள்வியே இல்லை. சோயா போட்டாலும் நெல்லுக்கான பணம் வரும்.

2006 செய்தியில வந்த நேரடித் தொகை வேற திட்டம். அதுல விலை எவ்வளவு ஏறினாலும் பணம் வந்துகிட்டே இருக்கும். 2014 சட்டம் அதை நிறுத்திடுச்சு. ஆனா பேஸ் ஏக்கர் போகலை. 2025 சட்டம் 3 கோடி ஏக்கர் வரைக்கும் புதுசா சேர்க்க அனுமதிச்சிருக்கு.

சரி, இதனால யாருக்கு நஷ்டம்? அமெரிக்க விவசாய நிலத்துல சுமார் 40 சதவீதம் குத்தகைக்கு விட்ட நிலம். ரொக்கக் குத்தகைன்னா, சட்டப்படி மானியம் உழுறவருக்குத்தான். ஆனா நில உரிமையாளருக்கும் கணக்கு தெரியுமே? "இந்த நிலத்துக்கு பேஸ் இருக்கு, பணம் வரும்"னு குத்தகையை ஏத்துவார். ஒரு பகுதி அவர் கைக்குப் போயிடும். புதுசா விவசாயத்துக்கு வர்ற இளைஞருக்கு நிலம் இன்னும் எட்டாக்கனி ஆகும்.

தொடர்பை வெட்டினதுக்கு நியாயமான காரணம் இருந்தது. திரும்பப் பயிரோட கட்டினா பழைய பிரச்சினை வரும். நிலத்தோட கட்டினா நிலம் வெச்சிருக்கிறவர் ஜெயிப்பார். ஒரு பக்கைச் சரிபண்ணினா இன்னொண்ணு வருதே, அதே கதைதான்.

அதனால அடுத்த தடவை "விவசாயிக்கு இத்தனை கோடி"ன்னு தலைப்பு பார்த்தா, ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: பணம் எதைப் பார்த்துக் கொடுக்கிறாங்க? பயிரையா, ஆளையா, நிலத்தையா? மீதியெல்லாம் அந்தப் பதில்ல இருக்கு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.