பாஸைக் கிழித்தவன் மாட்டுவான்

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பாஸ் வரிசையில் நின்றவருக்கு இது எளிதில் புரியும். ரத்தத்தில் சுற்றும் ‘என்கே’ (இயற்கைக் கொல்லி) என்ற நோயெதிர்ப்புச் செல்களும் பாஸ்தான் பார்க்கின்றன: செல்லின் மேலுள்ள எம்எச்சி புரதம். டி செல் என்ற இன்னொரு காவலர் புற்றுச்செல்லை அடையாளம் காண்பதும் அந்தப் பாஸை வைத்துத்தான். அதனிடமிருந்து தப்பப் புற்றுச்செல் பாஸைக் கிழித்துவிடும், ஆனால் என்கேயிடம் மாட்டிக்கொள்ளும். 1986-இல் ஆய்வாளர் கிளாஸ் கார்ரேயின் குழு எலிகளில் காட்டியது இதைத்தான். என்கே விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிட, கிரான்சைம் என்ற நொதி உள்ளே புகுந்து செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும். (சிவப்பணுவுக்குப் பாஸே கிடையாது, ஆனாலும் என்கே அதை விட்டுவிடும். கொல்வதற்குத் தூண்டுதலும் வேண்டுமே!)

பிறகு ஏன் புற்று பரவுகிறது? கட்டி சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் என்கே காவலரையே மயக்கிவிடுகிறது. அதனால் தொப்புள்கொடி ரத்தத்து என்கே செல்களில் ‘கார்’ என்ற செயற்கை உணர்வியைப் பொருத்தி, நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். 2020-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில், நிணநீர், ரத்தப் புற்றுநோயாளிகள் 11 பேரில் 8 பேருக்குப் பலன். பரவிய திடக்கட்டிகள் இன்னும் மசியவில்லை.