ரத்தத்தில் பூஞ்சையின் தடயம்

ஈரச் சுவரிலும் மக்கிய வைக்கோலிலும் வளர்கின்ற ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துக்களை நாம் யாவரும் நாள்தோறும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தேகத்தில் வெள்ளணுக்கள் காவல் நிற்கும் வரையில் அவற்றால் யாதொரு அபாயமும் இல்லை. ஆனால், ரத்தப் புற்றுநோய்க்காகக் கடுமையான மருந்துகளைப் பெற்று, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிட்ட ஒருவரின் நுரையீரலில் அதே வித்து முளைத்துத் திசுக்களைத் துளைக்கத் தொடங்கும்போது, ஆன்டிபயாடிக் கொடுத்தும் தணியாத காய்ச்சலைத் தவிர வேறு லட்சணம் ஆரம்பத்தில் பெரும்பாலும் தென்படுவதில்லை.

ரத்தத்தைக் கல்ச்சர் வைத்துப் பார்க்கலாமே என்றால், உட்பரவிய கேண்டிடா என்னும் மற்றொரு பூஞ்சை நோயில்கூட ஏறத்தாழப் பாதிப் பேரிடமே அது வளர்ந்து காட்டுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் அவ்விதம் அகப்படுவதோ அபூர்வம்.

ஆகவே, பூஞ்சையையே தேடாமல், அது வளர்கையில் தன் செல்சுவரிலிருந்து ரத்தத்தில் உதிர்க்கும் சர்க்கரைப் பொருள்களைத் தேடும் மார்க்கம் உண்டாயிற்று. அவற்றுள் காலக்டோமன்னன் என்பதைக் கண்டறியும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தது. நோயாளியின் சீரத்தைச் சூடாக்கித் தெளிவித்து, எதிர்ப்புரதம் பூசிய சிறு குழிகளில் இட்டு, அங்கே தோன்றும் நிறத்தின் செறிவை ஒரு நிர்ணயமான மாதிரியோடு ஒப்பிட்டு, விகிதம் 0.5-ஐ எட்டினால் 'பாசிட்டிவ்' என்கிறார்கள். பீட்டா-டி-குளுக்கன் என்ற மற்றொன்று கேண்டிடா உள்ளிட்ட பல பூஞ்சைகளுக்கும் பொதுவானது. குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த திரவத்தைக் கொண்டு அதை அளப்பது, கடலின் ஒரு புராதனப் பிராணி மனிதனுக்குச் செய்யும் விசித்திரமான உபகாரம் அன்றோ!

எனினும், ஒரேயொரு முடிவை நம்பித் தீர்ப்புச் சொல்வது உசிதமன்று. காயத்தில் வைத்த பருத்தித் துணியும், ஏற்றிய இம்யூனோகுளோபுலினும், சிலவகை டயாலிசிஸ் சவ்வுகளும் குளுக்கனின் அளவைப் பொய்யாக உயர்த்தக்கூடும். முன்னெச்சரிக்கையாகக் கொடுத்துவரும் பூஞ்சை மருந்தோ, காலக்டோமன்னனை உள்ளபோதே இல்லையெனக் காட்டிவிடும். அத்தகைய மருந்து பெறாத நோயாளிக்கு வாரம் இருமுறை பார்த்துவர, ஒவ்வொரு தடவையும் 'நெகட்டிவ்' என்றே வருவதுதான் என் அபிப்பிராயத்தில் இவற்றின் பெரும்பயன். சிறுநீரகத்தை வருத்தும் ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சை மருந்தை வெறும் சந்தேகத்தின் பேரில் ஏற்றாமல் தவிர்க்க அது துணைசெய்கிறது.

நம் தேசத்தார் மறக்கலாகாத விஷயம் இன்னும் ஒன்று: 2021-இல் கறுப்புப் பூஞ்சை என்று ஊரெங்கும் பேசப்பட்ட மியூகர் வகைகளை இவ்விரு பரிசோதனைகளும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தச் சந்தேகம் எழுந்தால், ரத்த அறிக்கைக்குக் காத்திராமல் ஸ்கேன் எடுத்து, திசுவைக் கிள்ளிப் பரிசோதித்தே ஆகவேண்டும்.