அயலவர் கொண்டுவரும் சோறு

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நம் தமிழ்க் கிராமங்களில் அயலவரே சோறு சமைத்துக் கொண்டு வருவார்கள். சிங்களக் கிராமங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அச்சோற்றை 'மள பத' என்பார்கள். முஸ்லிம் மக்கள் இதனை நபிவழியாகப் போற்றுகின்றனர். மொழியும் மதமும் வேறானாலும் பொருள் ஒன்றே: துயருற்றவரைத் தனியே விடக்கூடாது.

மனதுக்கு இது நல்ல மருந்து. அழுவதற்கு இடமும் நாளும் குறித்துத் தருபவை சடங்குகளே. இந்துக்களுக்கு எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். பௌத்தர்களுக்கு ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம். கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு 4 மாதமும் 10 நாளும் இத்தா. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலை வழிபாடு. இந்நாட்களில் உறவும் அயலும் நினைவைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பாரம் சிறிது சிறிதாகக் குறைகிறது.

இடப்பெயர்வு இந்த அயலை உடைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்துக்கும் வேறிடங்களுக்கும் சிதறினர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். எல்லைக் கிராமங்களின் சிங்களக் குடும்பங்களும் அகதிகளாயின. 2009இல் வன்னியில் இறந்த பலருக்குக் கிரியை செய்யவே வழியிருக்கவில்லை. போரின் காயம் தனிமனிதருடன் நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் தாக்குகிறது என்று, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியுள்ளார். அப்படியானால் ஆறுதலும் ஊராகச் சேர்ந்தே வரவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. காணியோ வீடோ பகிரப்படும்போது, பழைய அயலவர்களை அருகருகே குடியமர்த்தும்படி சேர்ந்து கேட்போம்.

2. புதிய அயலவர் வேறு இனத்தவரானாலும் அவர்கள் துக்கத்துக்குப் போவோம். அவர்கள் முறையைக் கேட்டு நடப்போம். முஸ்லிம் வீட்டுக்குச் சமைத்த கறிக்குப் பதிலாகப் பழமோ அரிசியோ கொண்டு போகலாம்.

3. காணாமற்போனவரின் தாயை அந்தியேட்டி செய்யும்படி வற்புறுத்தாதிருப்போம். அதைச் செய்வது, பிள்ளை இறந்துவிட்டான் எனத் தன் வாயாலே சொல்வதற்குச் சமம். அவர் காத்திருக்கட்டும், பக்கத்தில் நாம் இருப்போம்.

4. எல்லோரும் துயரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. தீராத தலையிடி, நெஞ்சுநோ என்றும் அது வெளிப்படும். வாரக்கணக்கில் நித்திரையும் பசியும் இல்லாதவரையும், சாகவேண்டும் என்று பேசுபவரையும் தனியே விடாமல் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நாமே கூட்டிச் செல்வோம்.

வயலும் வீடும் திரும்பக் கிடைக்கக் காலம் எடுக்கலாம். பக்கத்துக் கொட்டிலுக்கு ஒரு கோப்பை சோறு கொண்டுபோக அவ்வளவு காலம் தேவையில்லை.