நாயும் கோழியும் ஒரே தாழ்வாரத்தில்

தறி ஓசைக்குப் பேர்போன பொதட்டூர்பேட்டைப் பக்கம், காவலுக்கு நாயும் கைச்செலவுக்கு நாலைந்து நாட்டுக்கோழியும் ஒரே தாழ்வாரத்தில் வளர்ப்போர் உண்டு. நாய் குஞ்சைக் கவ்வாதிருந்தால் போதும் என எண்ணுகின்றனர். தெள்ளுப்பூச்சியை மறந்து விடுகின்றனர்.

இப்பூச்சி கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும், நாயின் காது மடலிலும் கருப்பாகக் கொத்துக் கொத்தாய் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். குஞ்சுகள் சோகை பிடித்துச் சாகும். கோழிக்கு மட்டும் மருந்திட்டால் நாயிலிருந்து மீண்டும் ஏறும். இதன் முட்டை மண்ணிலும் குப்பையிலும் பொரிப்பதால், கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை இரண்டுக்கும் ஒரே நாளில் இட்டு, கோழிக்கூட்டின் குப்பையை வாரி எரிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியை நாய் இழுத்துத் திரிந்தால் தெருவெங்கும் நோய்தான். சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவும். குஞ்சுக்கு ஏழாம் நாளே கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடுவது நல்லது. நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போடவும்.