சளி, இருமலுக்கு வீட்டு வைத்தியம்: எது கைகொடுக்கும்? எதைச் செய்யவே கூடாது?

மழை ஆரம்பித்தால் போதும், வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கும். முதலில் குட்டிப் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகும், இரண்டு நாளில் அம்மாவுக்குத் தொண்டை கரகரக்கும், அப்புறம் தாத்தாவுக்கு இருமல். வழக்கமாக என்ன செய்வோம்? தெருமுனை மெடிக்கலில் ஒரு சிரப் பாட்டில் வாங்கி வருவோம்.

ஆனால் 2025 அக்டோபருக்குப் பிறகு அந்தப் பாட்டிலைக் கையில் எடுக்கும்போதே பெற்றோருக்குப் பயம் வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு வெறும் 0.1 சதவீதம்.

இதையடுத்து, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைத் தரக்கூடாது, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

அப்போ வீட்டிலேயே என்ன செய்யலாம்? பாட்டி காலத்துக் கைவைத்தியம் நிறைய இருக்கிறது. அதில் சில நிஜமாகவே உதவும். ஆனால் "இயற்கையானதுதானே, என்ன ஆகிடப்போகுது?" என்று எல்லாவற்றையும் எல்லா வயதினருக்கும் செய்வதில்தான் சிக்கல். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

சளி ஏன் வருது, எத்தனை நாள் இருக்கும்?

சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். ரைனோவைரஸ் தொடங்கி 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதை உண்டாக்குகின்றன. ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் என்பதால், இந்தச் சளிக்கு அதனால் பலன் இல்லை. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் உடம்பே வைரஸை விரட்டிவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் நீடிக்கலாம். "மருந்து சாப்பிட்டா ஒரு வாரம், சாப்பிடலைன்னா ஏழு நாள்" என்று கிண்டலாகச் சொல்வாங்களே, அது இதனால்தான்.

ஆக, வீட்டு வைத்தியம் சளியைக் குணப்படுத்துவதில்லை. உடம்பு தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை தொண்டை வலியையும், இருமலையும், மூக்கடைப்பையும் குறைத்து நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தல்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, தொண்டை வரை வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை செய்யலாம். வீங்கிய தொண்டைக்கு இதமாக இருக்கும், ஒட்டியிருக்கும் சளியும் இளகும். தண்ணீரை விழுங்காமல் துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் இதைப் பழக்கலாம்.

தேன்: 1 வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம்

இருமலுக்குத் தேன் நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், தூங்கப் போகும் முன் தேன் கொடுக்கப்பட்டவர்களுக்கு, எதுவும் கொடுக்கப்படாதவர்களைவிட இரவு இருமல் நன்றாகக் குறைந்தது. அதில் பயன்படுத்தப்பட்ட அளவு இதுதான்: 2 முதல் 5 வயது வரை அரை டீஸ்பூன், 6 முதல் 11 வயது வரை ஒரு டீஸ்பூன், 12 வயதுக்கு மேல் இரண்டு டீஸ்பூன். சர்க்கரை நோயாளிகள் மட்டும் அளவில் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் 1 வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைப்பதுகூட ஆபத்து. தேனில் சில நேரம் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை வளராது. பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்க முடியாமை, தசைகள் தளர்ந்துபோவது, கடைசியில் மூச்சே விட முடியாத நிலை வரை போகலாம். தேனைக் காய்ச்சினாலும் இந்த வித்துகள் அழியாது. "சுத்தமான மலைத்தேன்" என்பதாலும் ஆபத்து குறையாது.

கஷாயம், மஞ்சள் பால், தூதுவளை ரசம்

சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயமோ, தூதுவளை ரசமோ, மஞ்சள் மிளகுப் பாலோ, சூடாக எதையாவது குடிக்கும்போதே சளித் தொந்தரவு குறைந்ததுபோல இருக்கும். இது வெறும் மனப்பிரமை அல்ல. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சூடான பழப் பானம் குடித்த சளி நோயாளிகளுக்குத் தொண்டை வலி, தும்மல், இருமல், சோர்வு எல்லாவற்றிலும் உடனடியாக இதம் கிடைத்தது. உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் இருப்பதும் கூடுதல் லாபம்.

மஞ்சளோடு மிளகு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமினை உடம்பு அவ்வளவாக உறிஞ்சாது. மிளகில் உள்ள பைப்பரின் சேரும்போது உறிஞ்சும் அளவு பல மடங்கு கூடுவதை 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வு காட்டியது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று அதிமதுரத்தைத் தினமும் மென்று கொண்டிருப்பவர்கள் உண்டு. அதில் உள்ள கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி., இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஆவி பிடித்தல்: பெரியவர்களுக்கு மட்டும்

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விலகும். சளியின் நாட்களை அது குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் கொதிக்கும் தண்ணீர் கொட்டித் தொடை, வயிறு வெந்துபோகும் ஆபத்து நிஜமானது. அதிலும் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

பெரியவர்கள் ஆவி பிடிப்பதாக இருந்தால், பாத்திரம் ஆடாத மேசை மேல் இருக்கட்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஓரிரு நிமிடம் விட்டு, முகத்தைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். மடியில் வைப்பது, கட்டில் மேல் வைப்பது, குழந்தையை மடியில் உட்கார வைத்துப் போர்வை மூடுவது, மூன்றுமே கூடாது.

கற்பூரம், தைலம்

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் ஊரில் பல வீடுகளில் நடக்கிறது. கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். அதனால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூர எண்ணெயோ, கற்பூரம் கலந்த தைலமோ தேய்க்காதீர்கள். எந்த வயதிலும் மூக்குத் துவாரத்துக்குள் தடவ வேண்டாம். பூஜை அறைக் கற்பூரம் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பச்சிளம் குழந்தைக்கு மூக்கடைத்தால்?

குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது போன்ற பழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும், அது எளிதில் ஆறாது. அதற்குப் பதில் மெடிக்கலில் கிடைக்கும் உப்பு நீர் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் ஓரிரு சொட்டு விடலாம். வாங்கும்போது, மூக்கடைப்பு மருந்து கலக்காத வெறும் சலைன் சொட்டுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். வசம்பு, உரைமருந்து, தேன், கஷாயம் எதுவும் வேண்டாம். சளி பிடித்திருக்கும்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

வீட்டு வைத்தியத்தில் பெரிய ஆபத்து, "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான். சாதாரண சளிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாட்ச் இருந்தால் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, இந்த அளவை எட்டினால் அது வேகமான மூச்சு:

• 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
• 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

எண்ணிக்கை இந்த அளவைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உதடு நீலமாவது, வலிப்பு, சிறுநீர் போவது ரொம்பக் குறைந்துவிடுவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு போன் பண்ணுங்க. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், வேறு அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், மூன்று நாளைக்கு மேல் விடாத காய்ச்சல் இருந்தால் கஷாயத்தை நம்பி இருக்காதீர்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். நேரில் போவதற்கு முன் சந்தேகம் கேட்க 104 எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. மருத்துவரைப் பார்க்கும்போது வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். கொடுத்தது கஷாயமா, தைலமா, பழைய சிரப்பா என்று தெரிந்தால்தான் அவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். பரணில் இருக்கும் பழைய சிரப் பாட்டிலை இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. ஏற்கெனவே நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பின்பற்றவும்.)