சிசிலிக்குக் கடிகாரத்தோடு போவோம்

சிசிலித் தீவு மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்க ஒரு வாரம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக வரைபடத்தை விரிப்போம். பலெர்மோ, செஃபலு, தவோர்மினா, எத்னா எரிமலை, சிராகுசா என்று வட்டம் போட்டு, நாளுக்கு ஓர் ஊர் என்று பிரித்துவிடுவோம். மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு என்றாலும் பரப்பில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். சுற்றி வந்துவிடலாம். ஆனால் திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் தேவாலயங்களும் தெருக்களும் இருக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

ஏறக்குறைய எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். உள்ளூர் வாழ்க்கை ஏதோ ஒரு சந்தில் ஒளிந்திருக்கிறது, தேடிப்போனால் அகப்படும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ஊர் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படிதான் நடக்கிறது. சில மணி நேரம் நடந்துவிட்டுக் கலைந்துவிடுகிறது. அதனால் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பழகுவோம்.

கத்தானியாவின் மீன் சந்தையைப் பார்ப்போம். பேராலயச் சதுக்கத்துக்குப் பின்னால், படியிறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. காலையில் பலகை மேல் வாள்மீனின் தலையை, அதன் வாள் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்திவைப்பார்கள். பாதி பாட்டாகவும் பாதிக் கூச்சலாகவும் விலை கூவுவார்கள். மத்தியானம் தாண்டிப் போனால் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறன்று போனால் அதுவும் இல்லை.

பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திய பிறகு கோயில் வாசலில் வந்து நிற்கும் வெளியூர்க்காரரைப் போல, இந்த நேரத்தில் வந்திறங்கிவிட்டு ‘இங்கே ஒன்றுமே இல்லையே’ என்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நாம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தாத்தா பாட்டி முதல் தள்ளுவண்டிக் குழந்தை வரை, ஒரே தெருவில் போவதும் வருவதுமாக நடப்பார்கள். ‘பஸ்ஸெஜாத்தா’ என்பார்கள். எங்கும் போய்ச்சேர வேண்டியதில்லாத நடை அது. நாமும் கூட நடக்கலாம்.

இதோடு வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பலெர்மோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். அதே மாலை நடை, கோடையில் சாய்வெயிலில் கிடைக்கும், குளிர்காலத்தில் தெருவிளக்கில்தான். சந்தைகளிலோ வேறு சிக்கல். தலைக்கு மேல் சிவப்புப் படுதா கட்டியிருப்பார்கள். மீன் பளபளவென்று தெரியும், விற்கிறவர் முகமும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். கேமராவில் ‘வொயிட் பேலன்ஸ்’ என்று ஒன்று உண்டு. எந்த நிறத்தை வெள்ளையாகக் கொள்ள வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு. ‘ரா’ கோப்பாக எடுத்துவைத்தால் பிறகு வீட்டில் உட்கார்ந்து திருத்தலாம். முழுக்கத் திருத்தாமல் கொஞ்சம் சிவப்பை விட்டுவைப்பதுதான் எனக்குப் பிடிக்கும், அந்த இடமே அப்படித்தானே இருக்கிறது.

அடுத்து, வருடத்தின் கடிகாரம். ஆகஸ்டை விட்டுவிடுங்கள். 15ஆம் தேதி ‘ஃபெர்ரகோஸ்தோ’ விடுமுறை. அதையொட்டி ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்விட, நகரங்களில் கடைகள் அடைத்துக்கிடக்கும். பிப்ரவரி 3 முதல் 5 வரை கத்தானியாவில் புனித அகதா திருவிழா. ஜூலை 14 இரவு பலெர்மோவில் புனித ரொசாலியா திருவிழா. என்னைக் கேட்டால், பெரிய வெள்ளிக்கு திராபனி ஊரைச் சொல்வேன். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 20 சிற்பத் தொகுதிகளைத் தோளில் தூக்கி, இசைக்குழுக்களோடு அசைந்தாடி ஊர்வலம் வருவார்கள். வெள்ளி மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் சனிக்கிழமைதான் முடியும். புறப்பாட்டைப் படமெடுக்கக் கூட்டம் நெருக்கும். நாம் முன்னிரவில் தூங்கிவிட்டு விடிகாலையில் போவோம். இரவெல்லாம் சுமந்தவர்களின் முகங்களைப் பார்க்கலாம்.

இப்போது வரைபடத்தைத் திரும்ப எடுக்கலாம். ஒரு வாரத்துக்குக் கத்தானியா, பலெர்மோ என்று இரண்டே ஊர் போதும். தினமும் அதே சந்தை, அதே காபிக் கடை. முதல் நாள் நாம் சுற்றுலாப் பயணி, மூன்றாம் நாள் தெரிந்த முகம். தூரத்திலிருந்து இழுக்கும் பெரிய லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, 35 மில்லிமீட்டர் போன்ற சிறிய லென்ஸை எடுத்துப்போவோம். அதில் ஒருவர் முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் அவர் பக்கத்தில் போக வேண்டும்; அதற்குள் ஒரு வார்த்தையாவது பேசியிருப்போம். கத்தானியாவில் பலர் மேலே கம்பிக்கு அப்பால் நின்று சந்தையைப் படமெடுத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். நாம் படியிறங்கிப் போய்க் கால் கிலோ மத்தி வாங்குவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர் என்றதும் தொப்பி வைத்த இத்தாலியக் கிழவரைத்தான் மனம் தேடுகிறது. பலெர்மோவின் பல்லரோ சந்தையில் ஆப்பிரிக்கர்களும் வங்கதேசத்தவரும் இருக்கிறார்கள். 1980களிலிருந்து குடியேறிய ஈழத்தமிழர்களும் அந்த நகரில் கணிசமாக வாழ்கிறார்கள். 1624ல் பிளேக் பரவியபோது நகரைக் காத்தவர் என்று கொண்டாடப்படும் ரொசாலியாவின் குகைக்கோயில், பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் அங்கே மலையேறிப் போய்க் கும்பிடுகிறார்கள். இவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு எடுத்த படம், இன்றைய பலெர்மோவின் படம் ஆகாது. ஈழத்தமிழர்களிடம் நமக்கு மொழிச் சிக்கலும் இல்லை. தமிழிலேயே கேட்டுவிட்டு எடுக்கலாம்.

கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. இத்தாலியில் பொது இடத்தில் படமெடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் ஒருவரின் உருவப்படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடவோ விற்கவோ கூடாது என்று 1941ஆம் ஆண்டின் 633ஆம் எண் சட்டம் சொல்கிறது. பொது இடத்தில் நடக்கும் ஊர்வலம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு; மீன் விற்கும் பெண்ணின் நெருக்கமான முகத்துக்கு அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தையென்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். கேமராவைக் காட்டி ‘பொஸ்ஸோ?’ என்றால் போதும், எடுக்கலாமா என்று அர்த்தம். எடுத்ததும் திரையைக் காட்டுங்கள், அவர் விரும்பினால் வாட்ஸப் எண்ணை வாங்கி அன்றிரவே படத்தை அனுப்பிவிடுங்கள். நாளைக்கும் அதே சந்தைக்குத்தானே போகப்போகிறோம்.