மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம்மவர் இல்லங்களில் நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. மதுரையில் பிறந்தவர்க்கோ அது தெருவிலேயே கிடக்கிறது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர் தாங்கிய வீதிகள் மீனாட்சியம்மன் கோயிலைச் சதுரஞ் சதுரமாகச் சூழ்ந்துள்ளன. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே. சித்திரை வீதி மதிலை ஒட்டி வெளியே. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. பின்னர் மாசி வீதி. வழி தவறிய சிறுவனும் மாதம் மாதமாகக் கடந்து உள்நோக்கி நடந்தால் கோபுரத்தடியை அடைந்துவிடுவான். நாமும் அவ்வாறே ஊரைக் கற்றோம்.

கீழமாசி வீதியில் மல்லியும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாக இறங்கும். தும்மாமல் அதைக் கடந்தவர் யாருமிலர். தெற்காவணி மூல வீதி பொன் வணிகர்க்கு உரியது. வடக்காவணி மூல வீதியருகே இருந்த காய்கறிச் சந்தைக்கு அன்னையுடன் விடியற்காலையில் செல்வோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் கல்வியை நாம் அங்கேதான் பெற்றோம். திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களின் இடையே தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுத்து நிற்கையில் கல் யாளி நம்மையே நோக்கும். மாலையில் விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா. வேறொரு நாள் சுக்கு மணக்கும் பருத்திப்பால். வீடு திரும்புகையில் அன்னையின் கையில் ஒரு முழம் மல்லிகை இருக்கும்.

இன்று அச்சந்தை அங்கில்லை, மாட்டுத்தாவணிக்குப் பெயர்ந்துவிட்டது. புதுமண்டபக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது நன்மையே. ஆயினும் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் அன்பர்கள், "பழைய மதுரை போய்விட்டது" என்று பெருமூச்செறிகின்றனர்.

சற்றே எண்ணிப் பார்த்தால், மதுரை என்றுமே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். ஆகவேதான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் பிறந்தன. அப்பணியில் ஈடுபட்ட பெருமாள் மேஸ்திரியின் பெயர் ஒரு வீதிக்கு நிலைத்தது. எழுத்தாணி செய்வோர் மறைந்து தலைமுறைகள் பல ஆயின. எழுத்தாணிக்காரத் தெரு மட்டும் இருக்கிறது. விழா நகர்ந்தது, கோட்டை விழுந்தது, தொழில் மறைந்தது. பெயர்கள் காவல் நின்றன.

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ஊர்ப்பெயர்களோடு பொழுதைக் கழிக்கும் நமக்குப் பெயரின் அருமை தெரியும். சீட்டில் ஊர்ப்பெயர் பிழையானால் மூட்டை வேறெங்கோ போய்ச் சேரும். நம் குழந்தைகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நம் இல்லத்துச் சிறுமி சைத், பைசாக் எனப் பள்ளியில் கற்ற மாதங்களைத் தடையின்றி ஒப்புவிக்கிறாள்; ஆவணிக்குப் பின் வருவது யாதெனின் விழிக்கிறாள். அறிவில் குறைவில்லை, கற்பிக்க அவளுக்கு ஒரு வீதி இல்லை.

எனவே ஒரு ஞாயிறன்று தாளில் கோயிலை வரைந்து, ஒன்றைச் சூழ ஒன்றாகச் சதுரங்களிட்டுப் பெயர்களை எழுதினோம். மிளகாய்க் கடையும் தையற்காரரும் யாளியும் தத்தம் இடத்தில் அமர்ந்தனர். சில நாள் சென்று அவளே கேட்டாள்: "சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் போகிறது, அப்பா?" மதுரையில் வாழும் பிள்ளைகளிலும் பலர் கேளாத கேள்வி அது!

நேயர்களே, உங்கள் ஊர் கும்பகோணமாயினும் திருநெல்வேலியாயினும், அதன் தெருக்களை ஒரு தாளில் வரைந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். சந்தையைச் சுமந்துவர நம்மால் இயலாது. பெயர்களுக்குச் சுமைகூலி இல்லை.